பாட்டுக்கு மேடை, மொழிக்குப் பூட்டு

ஒரு மொழியை ஒழிக்க நினைக்கும் அரசு அம்மொழியின் பாட்டை முதலில் தடுப்பதில்லை. பள்ளியைத் தடுக்கும், முறைமன்றத்தைத் தடுக்கும், அஞ்சல் நிலையத்துப் பெயர்ப்பலகையைத் தடுக்கும். பாட்டை மட்டும் விட்டுவைக்கும். விட்டுவைப்பதோடு நில்லாது, விழாநாளில் அதனை மேடையேற்றிக் கைதட்டவும் செய்யும். கைதட்டு ஓய்ந்தபின், பாடியவனின் பிள்ளை மறுநாட் காலையில் எந்த மொழியில் கணக்குக் கற்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனி நிலத்தில் நடந்ததும் நடப்பதும் இதுவே. அந்நிலத்தின் பாடகரும் பாடலாசிரியரும் யாழிசைஞருமான ஆலன் இசுடிவெல் என்பாரின் வாழ்க்கையை இந்நடப்பினின்று பிரித்துப் பேச இயலாது. பிரித்தே பேசுவோர் உளர். அவர்கள் இசைத்தட்டு வணிகர்.

பிரிட்டனி என்பது பிரிட்டன் அன்று. ஆயினும் பெயரொற்றுமை தற்செயலாய் வந்ததும் அன்று. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மக்களின் மொழியே பிரெட்டன். அது கெல்த்தியக் குடும்பத்தது. வேல்சு மொழிக்கும் கார்னிசு மொழிக்கும் உடன்பிறப்பு. பிரெஞ்சோ இலத்தீன் வழிவந்தது. எனவே பிரெட்டனைப் பிரெஞ்சின் கொச்சை வழக்கென்பது, ஆலமரத்தை அடுத்த வீட்டு வேம்பின் கிளை என்பது போன்றதே. பிரெட்டன், பிரெஞ்சு, இலத்தீன் என்னும் மும்மொழிகளைக் கொண்ட ‘கத்தோலிக்கோன்’ அகரமுதலி 1464இல் தொகுக்கப்பெற்று 1499இல் அச்சேறியது. பிரெட்டனுக்கு அதுவே முதல் அகரமுதலி. பிரெஞ்சு மொழிக்கும் அதுவே முதல் அகரமுதலி என்பர். பிரெஞ்சுக்கே சொல்லடைவு கண்ட மண் 1532இல் பிரெஞ்சு முடியோடு இணைக்கப்பட்டது.

மன்னர்கள் மொழியைப் பற்றிப் பெரிதாகக் கவலைகொண்டிலர். வரி வந்தால் போதும். மொழியைப் பகையெனக் கண்டது புரட்சி அரசே. 1794இல் பரேர் என்பார் பிரெஞ்சுப் பேரவையில், பிரிந்துபோகும் எண்ணமும் மூடநம்பிக்கையும் பிரெட்டன் பேசுகின்றன என்று முழங்கினார். உரிமை, ஒப்புமை, உடன்பிறப்பு என்று உலகுக்கு ஓதிய வாய் அது! அடுத்த நூற்றாண்டில், 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் கட்டாயக் கல்வி வந்தது. பிரெஞ்சு வழியில் மட்டுமே வந்தது. பள்ளியில் பிரெட்டன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டனர். ‘அடையாளம்’ என்றும் ‘பசு’ என்றும் அதற்குப் பெயர். அதனைக் கழற்றிவிட ஒரே வழி, தாய்மொழி பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது. மாலையில் எவன் கழுத்தில் அது எஞ்சுமோ அவனுக்கு அடி. இதிலுள்ள கொடுமை அடியன்று. உடன்பயிலும் தோழனை ஒற்றனாக்கியமை. 1925இல் கல்வியமைச்சர் அனத்தோல் த மோன்சி என்பார், பிரான்சின் மொழியொருமைக்காகப் பிரெட்டன் மறைந்தாக வேண்டும் என்று ஒளிவின்றிச் சொன்னார். சொன்னபடி செய்துமுடிக்க அமைச்சர்களை விடப் பெற்றோரே பெரிதும் உதவினர். அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து தாய்தந்தையரானபோது, தம் பிள்ளைகளிடம் பிரெஞ்சிலேயே பேசினர். அன்பினால் செய்த செயல் அது. ஆயின் விளைவு ஒன்றே.

பிழைப்புத் தேடிப் பாரிசுக்குப் போன பிரெட்டனியருக்கு மோன்பர்னாசு தொடர்வண்டி நிலையமே வாயில். ஆண்கள் மண் சுமந்தனர். பெண்கள் செல்வர் வீடுகளில் பணிப்பெண்களாயினர். அப்பணிப்பெண்ணைக் கேலிப்பொருளாக்கி 1905இல் ஒரு சிறுமியர் இதழில் ‘பெக்காசின்’ என்னும் படக்கதை தொடங்கியது. அம்முகத்தைக் கூர்ந்து பார்த்தோர் ஒன்றைக் கண்டனர்: கண் உண்டு, மூக்கு உண்டு, வாய் இல்லை. வரைந்தவர் எண்ணி வரைந்தாரோ எண்ணாமல் வரைந்தாரோ, நூறு பக்கக் கட்டுரையில் சொல்லவேண்டியதை அப்படம் ஒரு கோட்டை வரையாமல் விட்டே சொல்லிவிட்டது.

அத்தகைய பாரிசில் வளர்ந்தவர் ஆலன். 1944ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிறந்தார், பிறந்த ஊர் நடுப் பிரான்சிலுள்ள இரியோம், பிரிட்டனியன்று. தந்தையார் சோர்டு கொச்வெலூ, பிரிட்டனியின் கூரின் ஊர்க் குடும்பத்தவர். தாயார் லித்துவேனிய யூத மரபினர். மொழிப்பற்றைக் குருதிக் கணக்காக்கிப் பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. தந்தை மொழி நிலத்திற் பிறவாத, தாய்வழி வேற்றினத்தவரான ஒருவரே அம்மொழியின் குரலாகி உலகெங்கும் சென்றார்.

தந்தையார்க்கு மரவேலையில் கைத்திறன் உண்டு. உள்ளத்தில் ஒரு கனவும் உண்டு. பழங்காலத்துக் கெல்த்திய யாழ் பிரிட்டனியில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பாட்டுகளில் பெயரும் பழஞ்சிற்பங்களில் உருவுமாய் மட்டும் எஞ்சியது அது. யாழை இழந்த மக்கள் இதன் நோவை அறிவர். அவர் பழங்கருவிகளை ஆராய்ந்து, அளந்து, செதுக்கி 1953இல் ஒரு யாழைச் செய்து முடித்தார். அப்போது மகனுக்கு அகவை 9. தெனீசு மெகெவான் என்னும் யாழாசிரியையிடம் பயின்ற அச்சிறுவனே அக்கருவியின் முதல் வாசிப்பாளனாயினான். கருவியைச் செய்தவர் தந்தை. அதனை மீண்டும் ஒரு நாட்டின் கருவியாக்கியவர் மகன். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தக்க பழம்பொருளாய் அது முடிந்துபோயிருக்கக் கூடும்.

வீட்டு மொழி பிரெஞ்சாயிருந்த அவ்விளைஞன் பிரெட்டனை முயன்று கற்றான். பிறப்பால் வந்திராத மொழியை உழைப்பால் ஈட்டிக்கொண்டான் எனலே பொருந்தும். பின்னர்த் தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். கொச்வெலூ என்பது பிரெஞ்சு எழுத்தர் கையில் சிதைந்த குடும்பப் பெயர். ‘பழைய நீரூற்றுகள்’ என்னும் பொருள்தரும் பிரெட்டன் தொடரே அதன் மூலம் என்று அவர் கண்டார். அதனினின்றும் ‘இசுடிவெல்’, அஃதாவது நீரூற்று, என்பதைத் தம் பெயராக்கிக்கொண்டார். பெயரைத் தம்மொழிக்கு மீட்டுக்கொள்வதன் பொருளை இவ்விதழ் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் இளமையில் யாழோடு மட்டும் நின்றாரல்லர். பாரிசுவாழ் பிரெட்டனியரின் குழலிசைக் குழுவில் காற்றுப்பைக் குழலும் ‘பொம்பார்டு’ம் ஊதினார். பொம்பார்டு என்பது நம் நாயனம்போல் இரட்டைச் சீவாளி கொண்ட குழல். அதன் ஓசையும் நாயனத்தைப்போல் ஊர் முழுதும் கேட்கும். அந்நாளில் பிரெட்டன் இசை என்றாலே ஆட்சியாளர் ஐயக்கண் கொண்டு பார்த்தனர். அதற்கொரு கரணியமும் இருந்தது, மறைக்கலாகாது. இரண்டாம் உலகப்போரில் செருமானியர் பிரான்சைப் பிடித்திருந்தபோது பிரெட்டன் இயக்கத்தாருள் சிலர் அவர்களோடு கைகோத்தனர். சிலர் செய்த அக்குற்றத்தை முழு மொழியின் மேலும் ஏற்றி வைத்துப் போருக்குப் பின் பிரெட்டன்மேல் மேலும் ஒரு பூட்டுப் போட்டனர். குற்றம் செய்தவனை ஒறுத்தல் முறை. அவன் பேசிய மொழியை ஒறுப்பது எவ்வகை முறை? 1951இல் ஒரு சட்டம் பிரெட்டனை விருப்பப் பாடமாகச் சிறிது கற்பிக்க இசைவளித்தது. அவ்வளவே.

சிற்றூர்களிலோ மக்கள் தம் பாட்டை விட்டாரல்லர். ஒருவர் ஓரடி பாட, அவ்வடியின் கடைச்சீரிலேயே மற்றவர் புகுந்து அவ்வடியைத் திருப்பிப் பாட, மூச்சுவிடும் இடைவெளியே இன்றிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கைகோத்த வளையமாய் ஊரார் ஆடுவர். உழவு வேலையோடு ஒட்டியிருந்த இவ்வாட்டத்தை 1950களில் லோயிசு ரோப்பார் போன்றோர் ‘இரவு விழா’ என்னும் பெயரில் மீட்டெடுத்தனர். (2012இல் யுனெசுகோ அமைப்பு இதனை மாந்தர்குல மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.) இசுடிவெல் கைக்கொண்ட ஊற்று இதுவே. புதிதாக எதையும் பொய்யாகப் புனையாது, ஊரார் ஆடிய ஆட்டத்தின் அடவையும் நெடும்புலம்பற் பாட்டின் பண்ணையும் எடுத்து, அவற்றின் கீழே மின் கித்தாரையும் மேலைநாட்டு முழவையும் வைத்தார். ‘ராக்’ எனப்படும் மின்னதிரிசை இளைஞரை ஆட்டிவைத்த காலம். அவ்விசை ஆங்கிலத்தோடுதான் வரவேண்டும் என்று விதியொன்றும் இல்லை என்று காட்டினார். 1970இல் முதல் பாட்டிசைத் தட்டு. 1971இல் ‘கெல்த்திய யாழின் மறுமலர்ச்சி’ என்னும் பொருள்தரும் பெயருடைய தட்டு. பின்னது பிரான்சின் பெரும்பரிசொன்றையும் பெற்றது.

1972ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடினார். பிரெஞ்சு மெல்லிசைக்கு அதுவே கோயில் போன்ற அரங்கு. யாழும் பொம்பார்டும் ஒருபுறம். தான் ஆர் பிராசு என்னும் இளைஞரின் மின் கித்தார் மறுபுறம். ‘ஐரோப்பா ஒன்று’ வானொலி அதனை அவ்வாறே நாடெங்கும் ஒலிபரப்பிற்று. வாயற்ற பெக்காசினின் பேரப்பிள்ளைகள் அன்று அவ்வரங்கில் கூடி வாய்திறந்து பாடினர். நாற்காலிகளை விட்டெழுந்து ஆடினர். அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு பல இலக்கம் விற்றது. அதிலிருந்த பிரெட்டன் பாட்டு பிரெஞ்சு வானொலிகளில் பிரெஞ்சுப் பாட்டுகளோடு போட்டியிட்டு ஒலித்தது. அதே 1972இல்தான் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சார்சு பொம்பிதூ, ஐரோப்பாவில் தன் முத்திரையைப் பொறிக்கவிருக்கும் பிரான்சில் வட்டார மொழிகட்கு இடமில்லை என்றார். அரங்கில் இடமிருந்தது, நாட்டில் இடமில்லை.

தூய்மை பேசுவோர் ஒருவகை வினாவை எழுப்பலாம், பிரிட்டனியிலேயே எழுப்பினர். முன்னோர் பாட்டுக்கு மின் கித்தார் எதற்கு? அயலான் முழவு எதற்கு? மரபு கெடாதா? இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் விடை தெளிவானது. கருவி என்பது கையில் உள்ளது. மொழி என்பது வாயில் உள்ளது. உழவன் மரக்கலப்பையை விட்டு இரும்புக் கலப்பையைப் பிடித்தால் அவன் நிலம் அயலானதாகிவிடாது. ஆனால் ஏர்ப்பாட்டின் சொற்களை விட்டுப் பிறமொழிச் சொல்லால் பாடினால் அன்றே ஏதோ ஒன்று கைமாறிவிடுகிறது. இசுடிவெல் கருவியில் தாராளமாகவும் மொழியில் கண்டிப்பாகவும் இருந்தார். 1973இல் வெளிவந்த தட்டில் அவர் சேர்த்த பாட்டொன்றின் தலைப்பே ‘பிரெட்டன் முன்னே’ என்னும் பொருளது. மற்றொரு புறம் நோக்குக. அவர் காலத்தவரான சில் செர்வா என்பார் பிரெட்டன் எழுச்சிக்குப் பாடிய பெரும்புகழ்ப் பாட்டு பிரெஞ்சு மொழியில் அமைந்தது. கூட்டங்களில் மக்கள் அதனை வீறுடன் பாடினர். செர்வாவும் பிரெட்டனில் பாடியவரே. அவர் பற்றுக்குக் குறையில்லை. 1972இல் செயின்-பிரியே நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்ற பாடகருள் அவரும் கிளென்மோரும் இருந்தனர். ஆயினும், எவன் மொழியை எதிர்க்கின்றோமோ அவன் மொழியிலேயே எதிர்ப்பையும் பாடவேண்டியதாயிற்றே என்னும் இரங்கத்தக்க நிலையை அப்பாட்டின் வெற்றியே காட்டிக்கொடுத்தது. அதைப் பாடியோர்க்குப் புரிந்த மொழி அதுவாகத்தான் இருந்தது.

இசுடிவெலிடமும் குறை காணலாம். அவர் புகழ்த்தட்டுகள் பலவற்றின் அட்டைப்பெயர் பிரெஞ்சில் உள்ளது. ஒலிம்பியாவில் அயர்லாந்துப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் கலந்தே பாடினார். கெல்த்திய மக்கள் அனைவரும் ஒரு குடும்பம் என்பது அவர் கொள்கை. 1974இல் டப்ளினில் பாடி அந்நிகழ்ச்சியைத் தனித் தட்டாக்கியதும் அக்கொள்கை பற்றியே. உறவினரைத் தழுவுதல் நல்லதே. ஆனால் அத்தழுவலைக் கண்ட வணிகன் ‘கெல்த்திய இசை’ என்றொரு பெட்டியைச் செய்து, பிரெட்டனையும் அயர்லாந்தையும் இசுக்காத்துலாந்தையும் அதற்குள் ஒன்றாகப் போட்டு, பனிமூட்டமும் பாறையும் அட்டையிற் பொறித்து உலகெங்கும் விற்றான். வாங்கியவர்க்குப் பனிமூட்டம் கிடைத்தது. பிரெட்டன் என்றொரு மொழி மூச்சுத் திணறுகிறது என்னும் செய்தி கிடைக்கவில்லை. இதற்கு இசுடிவெலைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. 1970களின் நடுவிலேயே தமக்கென ஒரு தட்டு நிறுவனத்தை ஏற்படுத்திக்கொண்டு பெருநிறுவனங்களின் பிடியை விட்டு விலகியவர் அவர். 1976இல் பிரெட்டன் பாவலர்தம் பாக்களுக்கு இசையமைத்தார். 1977இல் தம் நாட்டின் வரலாற்றையே ஒரு தட்டாகப் பாடினார். வரலாறு பாடநூலில் இல்லாதபோது பாட்டிலாவது இருக்கட்டும் என்று எண்ணினார் போலும். அத்தட்டு முன்னதைப்போல் விற்கவில்லை. விற்பனை கருதிப் பாடுவோர் அத்தகைய வேலையில் இறங்கார்.

பின்னர் அவர் செய்தவை பல, விரைந்து சொல்லலாம். பெரும் இசைக்குழுவுக்கான நெடுநாத அமைப்பு. 1993இல் பழைய பாட்டுகளின் புதுப்பதிவு. 1998இல் செனகல் நாட்டு யூசு இந்தூர், அல்சீரிய நாட்டுக் காலித்து ஆகியோருடன் ஒரு தட்டு. மின்சாரம் ஊட்டிய புதுவகை யாழ்கள். 2012இல் நாற்பதாம் ஆண்டு நிறைவாக அதே ஒலிம்பியாவில் பாட்டு. அவர் காட்டிய வழியில் பிரிட்டனியில் இன்று யாழ் பயில்வோர் எண்ணற்றோர். இறந்த கருவி ஒன்று உயிர்த்தது.

மொழி? 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெட்டன் பேசியோர் ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர். 2007இல் அது ஏறத்தாழ இரண்டு இலக்கமாயிற்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓரிலக்கத்து ஏழாயிரம். அவருள்ளும் மிகப்பலர் முதியோர். இவ்வெண்களை ஒலிம்பியாவின் கைதட்டோடு பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரே முக்கால் நூற்றாண்டில் பாட்டு வென்றது. மொழி பத்தில் ஒன்றாய்ச் சுருங்கியது. பாட்டு தோற்றதால் நேர்ந்த சுருக்கமன்று இது; பாட்டு செய்யக்கூடிய வேலையும் பள்ளி செய்யவேண்டிய வேலையும் வேறுவேறு என்பதால் நேர்ந்தது.

பாட்டு வீணாயிற்று என்று இதனால் கொள்ளலாகாது. 1977இல் லம்போல்-புளுதல்மெசோ என்னும் சிற்றூரில் பெற்றோர் சிலர் பிரெட்டன் வழியில் மட்டுமே கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். ‘திவான்’ என்பது அதன் பெயர். நம் நாட்டுப் பழந் திவான்களுக்கும் இதற்கும் உறவில்லை. பிரெட்டனில் ‘முளைத்தல்’ என்று பொருள். தாய்தந்தையர் கைவிட்ட மொழியைத் தம் பிள்ளைக்குத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்னும் எண்ணம் 1972இல் அரங்கில் எழுந்தாடிய தலைமுறையிடம் பிறந்ததில் வியப்பில்லை. நாணம் போனபின்தான் பள்ளி வரும். நாணத்தைப் போக்கியது பாட்டு. அப்பள்ளிகளில் இன்று ஏறத்தாழ நாலாயிரம் பிள்ளைகள் பயில்கின்றனர். மழலையர் வகுப்பிலிருந்து மேனிலை வரை உண்டு. ஆயினும் நாலாயிரம் என்பது முதியோர் மறையும் விரைவுக்கு ஈடாகாது.

அரசோ பூட்டின்மேல் பூட்டுப் போட்டது. 1992இல் ‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்று அரசியற் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் சேர்த்தனர். ஆங்கிலத்தின் படையெடுப்பைத் தடுக்கவே இது என்றனர். ஆங்கிலம் அதனால் ஓரடியும் பின்வாங்கவில்லை, அடிபட்டது பிரெட்டன். 1999இல் வட்டார மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயத்தில் பிரான்சு கையொப்பமிட்டது. அடுத்த திங்களே அப்பட்டயம் அரசியற் சட்டத்திற்கு முரண் என்று அரசியற் சட்ட மன்றம் கூறிவிட்டது. 2008இல் ‘வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம்’ என்று ஒரு வரி சேர்த்தனர். மரபுச் செல்வம்! பழங்கோட்டையும் மரபுச் செல்வமே; அதற்குள் எவரும் குடியிருப்பதில்லை.

2017இல் கெம்ப்பேர் நகரில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பிரெட்டன் பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல் சிறு வளைகோடு வந்தது. பிரெஞ்சு எழுத்துவரிசையில் அக்கோடு இல்லை என்று பதிவுசெய்ய மறுத்தனர். பெற்றோர் முறைமன்றம் ஏறவேண்டியதாயிற்று. 2018இல் மேல்முறையீட்டு மன்றம் அப்பெயரை ஏற்றது. 2021இல் பிரெட்டனிய உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த சட்டம் அக்கோட்டுக்கும், பள்ளிகளில் முழுதும் வட்டார மொழி வழியே கற்பிப்பதற்கும் ஏற்பளித்தது. பாராளுமன்றம் பெரும்பான்மையால் நிறைவேற்றிய அச்சட்டத்தின் அவ்விரு பிரிவுகளையும் 2021 மே 21ஆம் நாள் அரசியற் சட்ட மன்றம் வெட்டியெறிந்தது. சான்று காட்டியது 1992இன் அவ்வொரு வரியை. மே 29ஆம் நாள் கேங்கான் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பின்னர்ச் சுற்றறிக்கை ஒன்றால் அரசு அப்பள்ளிகளை இயங்க விட்டது. சட்டத்தின் வரி மாறவில்லை. சுற்றறிக்கையால் வாழும் மொழி அடுத்த சுற்றறிக்கை வரையில் வாழும்.

இதே பிரான்சு, யூரோவிசன் என்னும் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டிக்கு 1996இல் அனுப்பியது எம்மொழிப் பாட்டை? பிரெட்டனை. பாடச் சென்றவருள் தலையாயவர், ஒலிம்பியாவில் இசுடிவெலின் பக்கத்தில் கித்தார் மீட்டிய அதே தான் ஆர் பிராசு. மீண்டும் 2022இல் இத்தாலியின் தூரின் நகரில், ‘பொறி’ என்று பொருள்படும் தலைப்புடைய பிரெட்டன் பாட்டைப் பிரான்சின் பெயரால் பாடினர்; மூவண்ணக் கொடி அருகில் அசைந்தது. அம்மேடையேற்றம் நிகழ்ந்தது மே 14ஆம் நாள். அம்மொழியில் பள்ளி நடத்துவது அரசியற் சட்டத்திற்கு முரண் என்று தீர்ப்பெழுதி ஓராண்டு நிறைய அன்று இன்னும் ஒரு கிழமை இருந்தது.